அயல் என்னும் சொல்லும் ஆரா டிங்க்ஜியனின் ஊத் இசையும்

ஊதுவத்தி என்ற சொல்லில் உள்ள ‘ஊது’ தமிழ் வினையைப் போலத் தோன்றும். ஊதி அணைக்கிறோம் என்றோ, புகையை ஊதுகிறது என்றோ மனம் ஒரு பொருத்தத்தைத் தேடிக்கொள்ளும். உண்மையில் அது வந்து சேர்ந்த சொல். அரபியில் ‘ஊத்’ என்றால் மரம், கட்டை, சுள்ளி. நெருப்பிலிட்டால் மணக்கும் அகிற்கட்டைக்கும் அங்கே அதுவே பெயர். அந்த ஊத்தைக் கொண்டு திரட்டிய வத்தி ‘ஊத்பத்தி’ ஆகி, உருது வழியாகத் தெற்கே வந்து, நம் பூசையறைகளில் ஊதுவத்தியாக நிலைத்துவிட்டது. வந்த சொல்லுக்கு நம் நாக்கு ஓர் உள்ளூர்ப் பொருளையும் கற்பித்துக்கொண்டது. இப்படி வெளியிலிருந்து வந்து வீட்டுப் பொருளாகிவிடுவது சொற்களுக்கு மட்டும் நேர்வதில்லை; மெட்டுகளுக்கும் நேர்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வாழும் ஆர்மீனிய ஊத் கலைஞர் ஆரா டிங்க்ஜியனின் மெட்டுகளுக்கு அது நேர்ந்த விதத்தைப் பொறுமையாகப் பார்க்க விரும்புகிறேன். அதற்கு முன்னால் கருவியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

நெடுக்காக இரண்டாய் அறுத்த பேரிக்காயை நினைத்துக்கொண்டால் ஊத் கண்முன் வந்துவிடும். மெல்லிய மரக்கீற்றுகளைச் சூட்டில் வளைத்து, விளிம்போடு விளிம்பு ஒட்டி, அதன் குடத்தை உருவாக்குகிறார்கள். மேலே மூடும் பலகையும் மரமே. இந்த மரமுகம் காரணமாகவே கருவிக்கு ‘மரம்’ என்று பெயர் வந்தது, தோல் போர்த்திய பழைய கருவிகளிலிருந்து பிரித்துச் சொல்ல அப்பெயர் உதவியது என்று விளக்குவோர் உண்டு. கழுத்து குட்டை. பிருடைகள் செருகிய தலை பின்னோக்கி மடங்கியிருக்கும். பெரும்பாலான ஊத்களில் தந்திகள் 11: ஐந்து இரட்டைகள், மந்திரத்துக்கு ஒற்றை ஒன்று. மீட்டும் கோலை அரபியர் ‘ரீஷா’ என்பர். ரீஷா என்றால் இறகு. கழுகின் இறகுத்தண்டால் மீட்டிய நாட்களை, பிளாஸ்டிக் வந்த பின்னும் அந்தச் சொல் மறக்கவில்லை. அரபியின் ‘அல் ஊத்’ ஸ்பெயின் வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைந்து ‘லூட்’ என்று ஆனபோது, அரபியின் சுட்டெழுத்தான ‘அல்’லில் இருந்த லகரம் பெயருக்குள்ளேயே புகுந்துகொண்டது. ஐரோப்பியர் அந்தக் கருவியின் கழுத்தில் மெட்டுகளையும் கட்டினார்கள். கிழக்கே ஊத் மெட்டில்லாமலே இருந்துவிட்டது.

இங்கே தமிழ் நமக்கு ஓர் அரிய வசதியைத் தருகிறது. வீணையின் தண்டியில் பதித்த வெண்கலக் கம்பிகளை மெட்டு என்கிறோம். பாட்டின் இசைவடிவத்தையும் மெட்டு என்கிறோம். சுரம் இன்ன இடத்தில்தான் நிற்கும் என்று வரையறுத்துத் தருவது முதல் மெட்டு. அந்தச் சுரங்கள் ஓடிய தடம் இரண்டாவது. ஊத்துக்கு முதல் வகை மெட்டு கிடையாது. வழவழப்பான கருங்காலிப் பலகைமேல் விரல் எங்கே ஊன்றுகிறதோ அங்கே சுரம். துருக்கிய இசைக்கணக்கு ஒரு முழுச்சுரத்தின் இடைவெளியை 9 ‘கோமா’க்களாகப் பகுக்கிறது. ‘செகா’ என்னும் சுரத்தை இஸ்தான்புல்லில் வளர்ந்த விரல் பியானோவின் கட்டையைவிட மயிரிழை தாழ்த்திப் பிடிக்கும். கெய்ரோவில் வளர்ந்த விரல் இன்னும் கீழே இறங்கிப் பிடிக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அந்த வேறுபாடு ஒரு நெல்லின் அகலம்கூட இராது. ஆனால் வாசிப்பவர் எந்த ஊரில், யாருடைய மடியருகே உட்கார்ந்து கற்றார் என்பதைத் தேர்ந்த செவி அந்த இடத்தில் அறிந்துகொள்ளும். எல்லைக்கோடு வரையாத பலகைதான் பிறந்த ஊரை இத்தனை நுட்பமாகச் சொல்கிறது. ஊத் பற்றி வேறு எதை மறந்தாலும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்போது தலைப்பில் உள்ள சொல்லுக்கு வருவோம். தமிழில் ‘அயல்’ முதலில் பக்கத்தைக் குறித்தது. அயல்வீடு என்றால் அடுத்த வீடு. அயலார் என்றால் சுவருக்கு அப்பால் அம்மி அரைக்கும் ஓசை நமக்குக் கேட்கும் தூரத்தில் வாழ்பவர். அதே சொல் அயல்நாடு, அயலகம் என்று வரும்போது கடல்கடந்த தொலைவையும் குறித்துவிடுகிறது. அருகும் தொலைவும் ஒரே சொல்லில் உறைகின்றன. ‘நாம் அல்லாதவர்’ என்னும் பொதுக்கருத்து இரண்டுக்கும் அடியில் இருக்கிறது. அந்த ‘அல்லாதவர்’ நமக்கு உப்பும் நெருப்பும் கடன் கொடுப்பவராகவும் இருக்கலாம், முகம் தெரியாதவராகவும் இருக்கலாம். ஆர்மீனிய மொழி இவ்விரண்டையும் பிரித்துத்தான் சொல்லும். பக்கத்து வீட்டுக்காரர் ‘த்ராத்சி’. கதவைக் குறிக்கும் ‘தூர்’ என்னும் சொல்லிலிருந்து பிறந்தது அது. வாசலை ஒட்டியவர் என்று கொள்ளலாம். அந்நியர் ‘ஓதார்’. அமெரிக்காவில் வாழும் ஆர்மீனியர் தம்மவர் அல்லாத எவரையும் குறிக்க இந்த ஓதாரை இன்றும் வழங்குகிறார்கள். த்ராத்சியையும் ஓதாரையும் ஒருங்கே ஏந்திய தமிழ்ச்சொல்லைக் கைவிளக்காகக் கொண்டால் டிங்க்ஜியனின் வாழ்க்கையை நன்றாகவே படிக்க முடிகிறது.

ஆர்மீனியர் தமக்கு அயலாராய் இருந்த துருக்கியர், கிரேக்கர், யூதர், குர்துகளோடு இசையை எந்த அளவுக்குப் பகிர்ந்துகொண்டார்கள் என்பதற்குச் சான்றுகள் ஏராளம். ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன். ஒட்டோமான் அரசவை இசை நெடுங்காலம் குருவின் வாயிலிருந்து சீடன் செவிக்குச் சென்ற இசை. அதை எளிதாகத் தாளில் எழுத ஒரு குறிமுறையை வகுத்துத் தந்தவர் ஹம்பார்ட்சூம் லிமோன்ஜியன் (1768–1839) என்னும் ஆர்மீனியர், இஸ்தான்புல் தேவாலயங்களில் இசை கற்பித்தவர். ஆர்மீனியத் திருச்சபையின் பழைய பாட்டேடுகளில் வரிகளுக்கு மேல் இடப்பட்ட குறிகளின் வடிவை அடியாகக் கொண்டு அவர் அதை அமைத்தார். இன்று துருக்கியச் செவ்விசை என்று போற்றப்படும் உருப்படிகளில் பெரும் பகுதி அந்தக் கிறித்தவரின் குறிகளால் தாளில் தங்கியது. மசூதிக்குப் போவோரும் தேவாலயத்துக்குப் போவோரும் ஒரே மகாமைப் பாடினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மகாம் என்பது நம் ராகத்துக்கு நிகரானது. அச்சொல்லின் நேர்ப்பொருள் ‘நிற்கும் இடம்’.

அந்த நிற்கும் இடம் 1915இல் பறிபோனது. அனத்தோலியாவின் ஆர்மீனியர் கொல்லப்பட்டார்கள், பாலைவனம் நோக்கி நடத்திச் செல்லப்பட்டார்கள். தப்பியவர் சிதறினார்கள். அந்தச் சிதறலுக்கு ஆர்மீனிய மொழியில் ‘ஸ்ப்யூர்க்’ என்று பெயர். விதையைத் தூவுவது போலப் பரப்புதல் என்னும் சாயல் அதில் உண்டு. தூவியவனின் கை எத்தகையது என்பதை அச்சொல் மறைத்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அப்படி இழந்த ஊர்களுள் ஒன்றான தியார்பக்கிர் நகரத்தை ஆர்மீனியர் டிக்ரானகெர்ட் என்பர், டிக்ரான் மன்னன் கட்டியது என்று பொருள்பட. கிழக்கு ஆர்மீனியர் அதே மன்னனைத் திக்ரான் என்று, முன்னெழுத்தை வலித்தும் இடையெழுத்தை மெலித்தும் ஒலிப்பார்கள். மேற்கு ஆர்மீனியத்தில் வலியும் மெலியும் இடம் மாறி ஒலிக்கும். பிறகு வரவிருக்கும் ஒரு சொல்லுக்கு இந்த ஒலிமாற்றம் நமக்குத் தேவைப்படும். டிக்ரானகெர்ட் மக்களுக்கு அந்தப் பொது மேற்கத்திய வழக்கிலும் அடங்காத, மற்ற ஆர்மீனியருக்கே எளிதில் விளங்காத ஒரு வட்டார மொழி இருந்தது.

அந்த ஊர்க்காரர்களுக்குப் பிறந்தவர் ஓனிக் டிங்க்ஜியன். பிறந்தது 1929இல், பாரிசில். பெற்றோரை இளமையிலேயே இழந்து ஞானப்பெற்றோரிடம் வளர்ந்தார். அவர்களும் டிக்ரானகெர்ட்காரர்கள். டிங்க்ஜியன் என்னும் குடும்பப்பெயரைப் பிரித்துப் பார்ப்பது நமக்குப் பயன்படும். ‘டிங்க்’ என்பது நெல், கோதுமை முதலியவற்றின் உமியை நீக்க இடிக்கும் பெரிய உரலுக்குத் துருக்கியப் பெயர். ‘ஜி’ அந்தத் தொழிலைச் செய்பவரைக் குறிக்கும் துருக்கிய விகுதி. ‘யன்’ இன்னாருடைய வழியினர் என்னும் ஆர்மீனிய விகுதி. ஒரு பெயரில் முதல் இரு பகுதிகள் அயலாருடையவை, கடைசி ஒன்று மட்டும் தம்முடையது. ஆர்மீனியரை ஆர்மீனியர் என்று அடையாளம் காட்டும் குடும்பப்பெயருக்குள்ளேயே பக்கத்து வீடு குடியிருக்கிறது. கலவரம் வீட்டைக் கொளுத்தலாம், பெயரில் கலந்துவிட்ட அயலைப் பிரித்தெடுக்க அதனால் ஆகவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் ஓனிக் அமெரிக்கா சென்றார். தேவாலயத்தில் திருத்தொண்டராகப் பாடினார். கல்யாண வீடுகளிலும் கோடைக்காலக் கூட்டங்களிலும் டிக்ரானகெர்ட் வட்டார மொழியில் பாடினார். அவர் நேரில் பார்த்து வளராத ஊரின் மொழி அது. அகதிகளான மூத்தவர்களின் நாவிலிருந்து பாரிசில் கேட்டு, நியூ ஜெர்சியில் பாடினார். அக்காலத்து நியூயார்க்கில் எட்டாவது அவென்யூவில் இரவு விடுதிகள் வரிசையாக இருந்தன. அங்கே கிரேக்கர், ஆர்மீனியர், துருக்கியர், அரபியர் எல்லாரும் ஒரே மேடையில் வாசித்தார்கள். இஸ்மிரில் 1895இல் பிறந்த ஊத் கலைஞர் மார்க்கோ மெல்கோன் ஆர்மீனியர். பெரும்பாலும் துருக்கிய மொழியில் பாடினார், கிரேக்க மொழியிலும் பாடினார், கேட்டவர்கள் எல்லா மொழியினரும். இஸ்தான்புல்லின் புகழ்பெற்ற பார்வையற்ற கலைஞர் ஊதி ஹ்ராந்த் (1901–1978) கண் மருத்துவத்தை நாடி 1950இல் அமெரிக்கா வந்தார். பார்வை கிட்டவில்லை. ஊருக்கு ஊர் கச்சேரி செய்தார், இசைத்தட்டுகள் பதிந்தார், இளைஞர்களுக்குக் கற்பித்தார். ‘ஊதி’ என்பது ஊத் வாசிப்பதில் தேர்ந்தவருக்குப் பெயரின் முன்னால் வழங்கும் அடைமொழி. தாயகத்தில் அறுந்துபோன அண்டை வாழ்வு, பெருங்கடலுக்கு அப்பால் சாராய வாடையும் சிகரெட் புகையும் நிறைந்த அந்த விடுதிகளில் இரவுதோறும் சில மணி நேரம் மீண்டும் கூடிற்று. அயல்நாட்டில்தான் அயலார் திரும்பக் கிடைத்தார்கள். இதைச் சொல்லும்போது தமிழின் அந்த ஒரே சொல்லுக்கு நான் உண்மையாகவே நன்றி பாராட்டுகிறேன்.

ஆரா பிறந்தது 1958இல். சிறுவயதிலேயே தந்தையின் பாட்டுக்குத் தும்பெக் என்னும் கைமுரசைத் தட்டத் தொடங்கி, பியானோ, கிடார், கிளாரினெட் என்று பல கருவிகளைப் பழகினார். கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட் இசைக்கல்லூரியில் 1980இல் பட்டம் பெற்றபோது அது ஊத்துக்கென்றே தனியாக வழங்கிய பட்டமாக இருந்தது. அமெரிக்காவில் அதற்கு முன் அப்படி ஒரு பட்டம் வழங்கப்பட்டதில்லை. அடுக்களை ஓரத்திலும் விடுதி மேடையிலும் கற்ற கருவி அங்கே கல்விக்கூடத்தின் வாசலைத் தாண்டியது.

ஆனால் அவரைப் புரிந்துகொள்ள இன்னொரு கருவியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆரா ஆர்மீனியத் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். ஆர்கன் ஊத்துக்கு எல்லா வகையிலும் எதிர்முனையில் இருப்பது. அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு குழாய், ஒரு கட்டை. இடைவெளிகள் முன்பே அறுதியிடப்பட்டவை. விரல் எவ்வளவு கெஞ்சினாலும் கட்டை ஒரு கோமாகூட நகராது. அதற்கு ஈடாக ஆர்கன் தருவது அடுக்கிசை, பல சுரங்கள் ஒருசேர எழுந்து நிற்கும் கட்டடம். மகார் யெக்மாலியன் (1856–1905) ஆர்மீனியத் திருப்பலி இசையை நாற்குரல் அடுக்கிசையாக அமைத்த பின், ஒற்றை இழையாக ஓடிய பழைய வழிபாட்டுப் பாடல்கள் இப்படி அடுக்காக ஒலிக்கும் வழக்கம் வேரூன்றியது. ஞாயிறு காலையில் அசையாத கட்டைகள், மாலையில் கட்டையே இல்லாத பலகை. இரண்டும் ஒரே மனிதரின் பத்து விரல்களுக்கு.

ஆராவின் இசையமைப்பைப் பலமுறை கேட்டபின் எனக்கு ஏற்பட்ட துணிவு இது: அவருடைய மெட்டுகள் ஊத்தில் பிறக்கின்றன, ஆர்கனை அறிந்தே பிறக்கின்றன. மகாமின் சாயல் முழுமையாக இருக்கும். விரல் வழுக்கிச் சென்று சேரும் இடங்களில் கிழக்கின் ஏக்கம் கேட்கும். ஆனால் ஒவ்வொரு அடியும் தன் கீழே ஓர் அடுக்கிசை நிற்க இடம் விட்டே நகரும். கிடாரோ பியானோவோ உடன் வந்தால் அந்த மெட்டு கூசுவதில்லை. வேறு பல கலைஞர்களிடம் இந்த இரண்டையும் சேர்க்கும் முயற்சி ஒட்டுப்போட்ட துணிபோலத் தெரியும். இவரிடம் அப்படித் தெரிவதில்லை. இரண்டும் அவருக்குத் தாய்மொழி என்பதே காரணம்.

1980களின் நடுவில் அவர் உருவாக்கிய குழுவின் பெயர் ‘நைட் ஆர்க்’, இரவுப் பேழை என்று கொள்ளலாம். பேழை என்றதும் அராரத் மலையில் தங்கியதாக ஆர்மீனியர் நம்பும் நோவாவின் பேழை நினைவில் எழுவதைத் தவிர்க்க முடியாது. ஆர்மீனியரின் அந்தப் புனித மலை இன்று துருக்கியின் எல்லைக்குள் நிற்கிறது. குழுவில் துருக்கியிலிருந்து வந்த ஆர்மீனியத் தாளக் கலைஞர் ஆர்த்தோ துன்ச்போயாஜியான், நியூயார்க் ஜாஸ் பியானோ கலைஞர் ஆர்மென் டொனேலியன், ஜாஸ் பியானோ மேதை பில் எவன்சின் கடைசி மூவர் குழுவில் வாசித்த பேஸ் கலைஞர் மார்க் ஜான்சன் ஆகியோர் இருந்தார்கள். ‘பிக்சர்’ என்னும் தொகுப்பு 1986இலும் ‘மொமென்ட்ஸ்’ 1988இலும் வெளிவந்தன. பெரும்பாலும் சொல்லில்லாத இசை. இந்தச் சொல்லின்மைதான் அடுத்து நடந்தவற்றுக்கெல்லாம் கதவைத் திறந்தது.

ஆரா அமைத்த ஒரு மெட்டின் பெயர் ‘ஹோம்கமிங்’. வீடு திரும்புதல் என்று பொருள். வரிகள் கிடையாது. கிரேக்கத்தின் பெரும்பாடகி எலெஃப்தேரியா அர்வானிதாகி 1991இல் வெளியிட்ட தொகுப்பில் கவிஞர் லீனா நிகோலகோபூலு அதற்குக் கிரேக்க வரிகள் எழுதினார். பாட்டு ‘தினாதா’ ஆயிற்று. வலிமையாக, உரக்க என்று பொருள் தரும் சொல் அது. டைனமோ என்று நாம் வழங்கும் சொல்லிலும் இதே வேர் இருக்கிறது. ஏதென்சில் 2004 ஒலிம்பிக் நிறைவு விழாவில் அர்வானிதாகி அதை உலகின்முன் பாடினார். நியூ ஜெர்சியில் வாழும் ஓர் ஆர்மீனியரின் மெட்டு, கிரேக்க நாடு தன்னை உலகுக்குக் காட்டிக்கொண்ட இரவில் கிரேக்கத்தின் குரலாக ஒலித்தது. கேட்டவர்களில் பலருக்கு அது தங்கள் ஊர்ப்பாட்டுத்தான். ஊதுவத்தியில் உள்ள ஊது தமிழ் இல்லை என்று சொன்னால் வியப்பவர்களைப் போல, அவர்களும் இதைக் கேட்டு வியக்கக்கூடும்.

இது எப்படி இயன்றது? மெட்டின் அழகு என்று சொல்லி நிறுத்தினால் பாதி விடைதான். மறுபாதி கேட்கும் செவியில் இருக்கிறது. 1923இல் கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொள்ள உடன்பட்டன. போரில் முன்பே ஓடி வந்தவர்களையும் சேர்த்தால், அனத்தோலியாவிலிருந்து கிரேக்கத்துக்கு வந்த கிறித்தவர் சுமார் 12 லட்சம் பேர். இஸ்மிரின் பாட்டையும் ஊத்தையும் அவர்கள் உடன் கொண்டுவந்தார்கள். கிரேக்கத்தில் அக்கருவிக்குப் பெயர் ‘ஊதி’. ஆக, ஏதென்சில் ஒரு தலைமுறையின் செவி முழுக்க, விட்டு வந்த அண்டை வீட்டின் ஒலி இருந்தது. அதே சுவரின் மறுபக்கத்திலிருந்து வந்தவர்களின் பேரன் ஒருவன், வேறொரு கண்டத்தில் உட்கார்ந்து, அதே ஒலியை மீட்டியபோது அந்தச் செவி உடனே அறிந்துகொண்டது. அவன் பெயரை அறிய வேண்டிய அவசியம்கூட அதற்கு இருக்கவில்லை. துருக்கியிலும் இதுவே நடந்தது. அந்நாட்டின் மிகப் பெரிய பாடகியருள் ஒருவரான செசென் அக்சு ஆராவின் மெட்டுகளைத் துருக்கியச் சொற்களில் பாடினார். ஆராவின் பாட்டனார் தலைமுறை துரத்தப்பட்ட மண்ணில், வானொலியிலும் டாக்சிகளிலும் அவை ஒலித்தன. இன்று ‘ஹோம்கமிங்’ பத்துக்கு மேற்பட்ட மொழிகளில் பாடப்பட்டிருக்கிறது. வீடு திரும்புதல் என்று பெயரிட்ட மெட்டு, அமைத்தவருக்கு முன்னால் தான் வீடு திரும்பிவிட்டது.

அர்வானிதாகியின் 1991ஆம் ஆண்டுத் தொகுப்புக்குப் பெயர் ‘மெனோ எக்தோஸ்’. அப்பெயரைத் தந்த பாட்டின் மெட்டும் ஆராவுடையதே. மெனோ என்றால் தங்குகிறேன், எக்தோஸ் என்றால் வெளியே. ‘வெளியிலேயே இருக்கிறேன்’ என்று சொல்லலாம். கிரேக்க வினையில் ஒரு சாயல் உண்டு. மெனோ குடியிருத்தலையும் குறிக்கும். ‘எங்கே வசிக்கிறீர்கள்’ என்று கேட்கவும் அதே வினைதான். வெளியையே வசிப்பிடமாகக் கொள்ளுதல் என்னும் பொருளை அந்த இரண்டு சொற்கள் தாங்குகின்றன. கவிஞர் எழுதியது காதலின் வெளியைப் பற்றி இருக்கலாம். இந்த மெட்டை அமைத்தவரின் வழிவந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அறிந்து கேட்கும் ஒருவருக்கு அத்தலைப்பு வேறொரு தாழ்ந்த சுருதியிலும் ஒலிக்கும். ஆரா 1994இல் கவிஞர் மிஹாலிஸ் கனாசின் வரிகளுக்கு அமைத்த மெட்டுகளையும் அர்வானிதாகி தனித்தொகுப்பாகப் பாடினார். அதையும் தேடிக் கேட்கப் பரிந்துரைக்கிறேன்.

முன்பு ஒலிமாற்றம் பற்றிச் சொல்லி நிறுத்திய இடத்துக்கு இப்போது வரலாம். ஓனிக்கையும் ஆராவையும் பற்றி 2013இல் ஓர் ஆவணப்படம் வந்தது. எடுத்தவர்கள் துருக்கியைச் சேர்ந்த இருவர். படத்தின் பெயர் ‘கரோத்’. கிழக்கு ஆர்மீனியர் முதலெழுத்தை வல்லெழுத்தாக ஒலிக்கும் அச்சொல்லை மேற்கு ஆர்மீனியர் மெலித்து, இறுதியையும் மெலித்து ஒலிப்பர். நம் எழுத்தில் அந்த வேறுபாட்டைக் காட்ட இயலாது, காதால் கேட்டாலே விளங்கும். பொருள்: ஏக்கம். ஆனால் தமிழ் ஏக்கத்தில் கிடைக்காத ஒன்றை விரும்புவதும் அடங்கும். கரோத் முன்பு இருந்து இப்போது இல்லாததன்மேல் செல்வது. அம்மாவைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்று விடுதியில் இருக்கும் பிள்ளை சொல்வதற்கு நெருக்கமானது. அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. பாரிசில் பிறந்த ஓனிக்குக்கும் அமெரிக்காவில் பிறந்த ஆராவுக்கும் டிக்ரானகெர்ட் எப்போது ‘முன்பு இருந்தது’? அவர்கள் அதை இழக்கவில்லை, இழப்பை மட்டுமே பெற்றார்கள். வீட்டைக் காணாதவருக்கு வீட்டின்மீது கரோத் வருமா?

வரும் என்பதற்கு அந்த வட்டார மொழிப் பாட்டே சான்று. ஓனிக்குக்குத் தியார்பக்கிர் நேரில் பார்த்து அறிந்த ஊராக இருக்கவில்லை. உயிரெழுத்துகளின் வளைவாக, ஒரு சிரிப்பின் நீளமாக, பாட்டி சொல்லும் வசையாக அது அவரிடம் வந்து சேர்ந்தது. தேர்ந்த செவி செகா சுரத்தில் ஊரைக் கண்டுகொள்வதாக மேலே சொன்னேன். ஓனிக்கின் நாவும் ஆராவின் விரலும் அப்படித்தான் ஊரைச் சுமந்தன. ஒரு கோமா அகலமுள்ள ஊர். அதற்கு நிலப்பட்டா வேண்டியதில்லை, கடவுச்சீட்டும் வேண்டியதில்லை. ஆனால் அதைத் தன்னந்தனியே சுமந்துகொண்டிருந்தால் அது நினைவுச்சின்னமாகவே இருந்துவிடும். அதை உயிரோடு வைத்திருக்க, சுவருக்கு அப்பாலிருந்து மறுமொழி சொல்லும் ஒருவர் தேவை.

ஆராவின் பிற்காலப் பணி பெரும்பாலும் அந்த ஒருவரைத் தேடியதாகவே எனக்குப் படுகிறது. எருசலேமின் ஊத் விழாவில் அவர் நேரடியாக வாசித்த கச்சேரி 2006இல் இசைத்தட்டாக வந்தபோது அதற்கு ‘அமெரிக்காவில் ஓர் ஆர்மீனியர்’ என்னும் பொருளில் ஆங்கிலப் பெயர் வைத்தார். பிறகு அமைந்த ‘சீக்ரெட் ட்ரியோ’வில் மூவர்: ஊத்தில் ஆரா; கானூனில் துருக்கியர் தாமெர் பினார்பாஷி; கிளாரினெட்டில் மாசிடோனியாவிலிருந்து வந்த இஸ்மாயில் லுமானோவ்ஸ்கி. கானூன் என்பது மடியில் கிடத்தி, இரு கைச் சுட்டுவிரல்களிலும் மாட்டிய மீட்டுகோல்களால் வாசிக்கும் பலதந்திக் கருவி. 2012இல் ‘சவுண்ட்ஸ்கேப்ஸ்’, 2015இல் ‘த்ரீ ஆஃப் அஸ்’ என்னும் தொகுப்புகள் வந்தன. இரண்டிலும் தாளக்கருவி இல்லை. முழவு தாளத்தைக் கணக்கிட்டுக் கொடுக்காத இடத்தில் மூவரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டே நகர வேண்டும். ஒரு சொற்றொடரை ஊத் பாதியில் நிறுத்தும், கானூன் அதே சுரத்தை எடுத்து முடிக்கும், கிளாரினெட் அந்த முடிவை ஒரு கோமா மேலே தூக்கிக் கேள்வியாக்கும். இந்த நெருக்கம் ஒத்திகையால் மட்டும் வருவதில்லை. மூவரின் செவியும் ஒரே தெருவில் வளர்ந்த செவி. அவர்கள் சந்தித்த ஊர் நியூயார்க்.

அதற்கிடையே 2013இல் ஆரா வெளியிட்ட ‘கான்வர்சேஷன்ஸ் வித் மனோல்’ (மனோலுடன் உரையாடல்கள்) என்னும் தொகுப்பை நான் எல்லாவற்றிலும் மேலாக மதிக்கிறேன். மனோல் என்று அழைக்கப்பட்ட எம்மானுவேல் வேனியோஸ் (1845–1915) இஸ்தான்புல்லில் வாழ்ந்த கிரேக்கர். ஊத் செய்வதில் அவருக்கு நிகரானவர் இல்லை என்று இன்றும் கலைஞர்கள் சொல்கிறார்கள். துருக்கியர், ஆர்மீனியர், கிரேக்கர், யூதர் எல்லாரும் அவர் பட்டறை ஊத்தை வாங்க விரும்பினார்கள். நூறாண்டு கழித்து அத்தகைய ஊத்களை எடுத்து, அவை ஒவ்வொன்றும் என்ன சொல்ல விரும்புகிறது என்று கேட்பதுபோல ஆரா தனியாக வாசித்திருக்கிறார்.

ஹெட்போன் அணிந்து, இரவில், மெதுவாகக் கேளுங்கள். ஓர் இரட்டைத் தந்தியை மீட்டிவிட்டு ஆரா காத்திருக்கிறார். நூறாண்டு உலர்ந்த மரப்பலகை அந்த ஒலியை எடுத்துக்கொண்டு, எளிதில் விட மனமில்லாததுபோல், சிறிது சிறிதாகத் திருப்பித் தருகிறது. அது முழுவதும் அடங்கும்வரை அடுத்த சுரம் வருவதில்லை. தலைப்பு சொல்வதைப் போல, இருவர் பேசிக்கொள்ளும்போது விடும் இடைவெளி அது.